இரைமீன் பானையைப் பார்க்க வந்தவர்கள்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முதலில் பார்த்தது என்னை அல்ல. வீட்டுக்குப் பின்னால், கோடிப்பக்கத்தில், ஈரச்சாக்குப் போட்டு மூடியிருந்த இரைமீன் பானையைத்தான் பார்த்தார்கள்.

நான் குசினிக் கதவின் பின்னால் நின்றேன். அந்தக் கதவில் ஒரு வெடிப்பு இருந்தது. உலகத்தில் நான் பார்த்ததில் பாதி அந்த வெடிப்பால் பார்த்ததுதான். அன்றைக்கு உடுத்திருந்த சீலையின் கதையைப் போன கிழமை இந்தப் பத்தியில் எழுதியாயிற்று. அது உடம்பில் நிற்கவில்லை என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்திருங்கள்.

மாப்பிள்ளையின் தகப்பன் பாவிலு மாமாவைக் கதிரையில் இருக்கச் சொன்னார் என் அப்பா. அவர் இருக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே பானையடிக்குப் போனார். சாக்கைத் தூக்கினார். முழங்கை மட்டும் கையை உள்ளே விட்டு ஒரு மீனைப் பிடித்தெடுத்தார். சந்தையில் கத்தரிக்காய் பார்ப்பதுபோல அதன் வயிற்றை அமத்திப் பார்த்தார்.

"இதென்ன, விரலளவு கிடக்கு. இதுக்கோ எருமைநாக்கு வருது?" என்று கேட்டார்.

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் எங்கள் கரை முழுவதும் ஏழெட்டு வருடமாக ஏமாந்துகொண்டிருந்தது.

பாவிலு மாமா மீனைத் திரும்பப் பானைக்குள் போட்டார். அது சரிந்து மிதந்தது. அமத்திப் பிடித்தால் செதிள் கழன்று இரைமீன் சாகும் என்று அவருக்குத் தெரியவில்லை. நாற்பது வருடம் கடலுக்குப் போன மனிதர். அவருடைய சுருட்டுக் கை கலக்கிய தண்ணீரில் மற்ற மீன்களும் மத்தியானத்துக்குள் செத்தன.

அதற்குப் பிறகுதான் மாமிக்கு, மாப்பிள்ளையின் தாய்க்கு, என் ஞாபகம் வந்தது. நான் தேத்தண்ணித் தட்டோடு குனிந்தபடி வந்து குனிந்தபடியே போனேன். மாப்பிள்ளை அருளப்புவின் கால் பெருவிரல் இரண்டையும் மட்டும் பார்த்தேன். கல்யாணம் கட்டி மூன்று நாள் வரைக்கும் அந்த விரல்களைக் கொண்டுதான் அவரை அடையாளம் பிடித்தேன்.

இரண்டு கண்ணும் ஒரே பக்கம்

எருமைநாக்கைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். அது தட்டை மீன். மேல்பக்கம் மண்நிறம், கீழ்ப்பக்கம் வெள்ளை. இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில் இருக்கும். கடலடி மணலுக்குள் தன்னைப் புதைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் வெளியே விட்டபடி கிடக்கும். தேடிப்போய்த் தின்னாது. வாயடிக்கு வருவதைத்தான் கவ்வும். எங்கள் கோயில் பங்கில் அப்படி நாலைந்து ஆம்பிளைகள் இருந்தார்கள். பெயர் சொல்லமாட்டேன், அவர்களுடைய பிள்ளைகள் இந்தப் பத்திரிகை வாசிக்கிறார்கள்.

முள் குறைந்த மீன். அதனால் கோயில் பெருநாள் விருந்தில் சுவாமிமாரின் மேசைக்கு அதுதான் போகும். முள் மீனெல்லாம் சனங்களுக்கு.

வலையில் அகப்படுவது சின்னனாகத்தான் இருக்கும். பெரியதை எடுக்கத் தூண்டிலில் உயிரோடு ஒரு குஞ்சுமீனைக் கொழுவி விட வேண்டும். செத்த இரையை அது திரும்பியும் பாராது. அந்த உயிர் இரையைத் தெரிவதில், பொறுக்கி எடுப்பதில்தான், அப்பாவுக்குப் பேர். மண்டைதீவுப் பக்கத்து மணல்திட்டிகளில் இருந்து மற்றவர்கள் வெறும் மீன்பறியோடு திரும்புகிற நாளிலும் அப்பா ஒன்றாவது கொண்டு வருவார். அவரிடம் ஏதோ இரகசியம் இருக்கிறது என்று ஊர் சொன்னது.

இரகசியம் இருந்தது உண்மைதான். அதற்கு அப்போது பத்தொன்பது வயது. ஐந்தாம் வகுப்புப் படித்திருந்தது. ஆட்களைக் கண்டால் குசினிக் கதவுக்குப் பின்னால் போய் ஒளித்தது.

அப்பாவுக்கு நாற்பது தாண்டியதும் கிட்டப் பார்வை போய்விட்டது. தூரத்தில் வருகிற வள்ளத்தின் பாயில் போட்ட ஒட்டுத் தெரியும். கையில் கிடக்கிற மீன் தெரியாது. கண்ணாடி போட்டால் கிழடு என்பார்கள், பிறகு ஒருவரும் தன்னோடு தொழிலுக்கு வரமாட்டார்கள் என்று பயந்தார். என்னைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தியது அதற்காகத்தான். பிள்ளைக்குக் கூச்சம், படிக்க முடியவில்லை என்று வெளியில் சொன்னார்கள். கூச்சம் இருந்ததுதான். ஆனால் வாசிப்பில் நான் வகுப்பில் இரண்டாம் ஆள். வாய்விட்டு வாசிக்கச் சொன்னால்தான் கடைசி ஆள்.

விடிந்து வெளிச்சம் வந்ததும், கடல் வற்று நேரம் பார்த்து, பரவைக்கடலில் முழங்காலளவு தண்ணீரில் அப்பா வீச்சுவலை எறிவார். விழுகிற குஞ்சுமீன்களில் இரையை நான் தெரிவேன். அந்த நேரத்தில் அந்த ஒதுக்குப்புறத்துக்கு ஒருவரும் வருவதில்லை. ஒருவரும் வராத இடம் எனக்கும் பிடிக்கும்.

"என்ரை கண்ணைப் பற்றி ஒருத்தரிட்டையும் மூச்சு விடப்படாது பிள்ளை" என்று அப்பா மாதா படத்துக்கு முன்னால் வைத்துச் சத்தியம் வாங்கினார். நான் ஓம் என்றேன். மற்ற எல்லோரும் என்னைக் கதைக்க வைக்கப் பாடுபட்டார்கள். கதைக்காமல் இருக்கச் சத்தியம் வாங்கிய ஒரே மனிதர் என் அப்பாதான்.

இரை தெரிவது பெரிய வித்தை இல்லை. வலையில் விழுவதில் மணலை என்ற மீனின் குஞ்சுதான் பார்க்க வடிவு. வெள்ளி போல மினுங்கும், துள்ளும். எல்லோருடைய கையும் அதற்குத்தான் போகும். ஆனால் மணலை மேலுக்குப் போகிற மீன். தூண்டிலில் கட்டிய ஈயம் கீழே இழுத்தாலும் அது மேலேதான் இழுக்கும். எருமைநாக்கு கிடப்பதோ அடியில். நான் எடுப்பது கிளக்கன் குஞ்சு. மண்நிறம், ஒல்லி, பார்த்தால் காய்ச்சல்காரன் மாதிரி இருக்கும். பானையடியில் ஒரு பிடி மணல் போட்டு, தேங்காய்ச் சிரட்டையை உள்ளே விட வேண்டும். எது அடிக்கு ஓடி மூக்கை மணலுக்குள் செருகப் பார்க்கிறதோ அதுதான் இரை.

என் நடுவிரலைவிட நீளம் கூடாது. கூடினால் எருமைநாக்கு வாலை மட்டும் கவ்விவிட்டு விட்டுவிடும். கையால் தொடக் கூடாது, சிரட்டையால்தான் அள்ள வேண்டும். ஒரு பானைக்கு எட்டு மீன் காணும். தகரப் பேணி ஆகாது, வெய்யில் ஏறத் தண்ணீர் சுடும்.

அவ்வளவுதான். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்குள் எந்த மோடனுக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் மோடன் கேட்க வேண்டும்.

உறுதியில் எழுதாத சீதனம்

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வீடு, வளவு, இரண்டு வலை என்று எல்லாம் ஒத்துக்கொண்ட பிறகு பாவிலு மாமா தொண்டையைச் செருமினார். இரை தெரிகிற இரகசியத்தையும் சீதனத்தோடு சேர்த்துத் தர வேண்டும் என்றார். சீதன உறுதிப் பத்திரம் எழுத வந்த நொத்தாரிசு பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதை அசையும் சொத்தில் போடுவதா, அசையாச் சொத்தில் போடுவதா என்று கேட்டார். அவர் பகிடிக்குக் கேட்கவில்லை.

அப்பா என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "பிள்ளையோடை அதுவும் வரும்."

அதைவிட நேர்மையான வார்த்தை அப்பா வாயில் நான் கேட்டதில்லை. ஒருவருக்கும் விளங்கவில்லை.

ஜெபமாலை கேட்ட மீன்கள்

கல்யாணம் முடிந்த அடுத்த கிழமையே அருளப்பு அப்பாவுக்குப் பின்னால் திரியத் தொடங்கினார். அப்பாவுக்கு உண்மையைச் சொல்லவும் வழியில்லை, ஒன்றும் சொல்லாமல் விடவும் வழியில்லை. வாயில் வந்ததைச் சொன்னார். கிழக்குப் பார்த்து நிற்கிற மீனை எடு என்றார். வெள்ளிக்கிழமை ஒருசந்தி விரதம் இருந்துவிட்டு எடு என்றார். அருளப்பு அத்தனையும் செய்தார். பானையைச் சுற்றி நடந்து, மீன் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குனிந்து பார்ப்பார். மீன் திரும்பினால் அவரும் திரும்புவார்.

அதோடு தானாகவும் ஒன்றைக் கண்டுபிடித்தார். வள்ளத்தில் தங்கூசி அசைந்ததும் அப்பாவின் உதடு அசைவதைக் கண்டிருக்கிறார். தங்கூசி என்பது தூண்டில் கட்டுகிற நைலோன் நூல். காதைக் கிட்டக் கொடுத்துக் கேட்டால், அப்பா மாதாவுக்குச் சொல்கிற அருள்நிறைந்த மந்திரம் சொல்கிறார்.

அப்பா அதைச் சொன்னது நேரம் பிடிக்கத்தான். எருமைநாக்கு இரையைக் கவ்வியதும் விழுங்காது. கொஞ்ச நேரம் வாயில் வைத்திருக்கும். உடனே இழுத்தால் இரை மட்டும் கிழிந்து வரும். ஒரு மந்திரம் சொல்லி முடியும் மட்டும் பொறுத்து, ஆமென் என்றதும் இழுத்தால் தூண்டில் முள் சரியாக ஏறும். மணிக்கூடு இல்லாத வள்ளத்தில் மாதாதான் மணிக்கூடு.

அருளப்பு, அந்த மந்திரம் இரைக்குச் சொல்வது என்று எடுத்துக்கொண்டார். விடிய எழும்பி, கோடிப்பக்கத்தில் பானைக்கு முன்னால் முழந்தாளில் நின்று, மணலைக் குஞ்சுகளுக்கு ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலையும் சொல்லி முடிப்பார். முடிவில் கோயில் தீர்த்தம் ஒரு போத்தல் ஊற்றுவார். கோயில் கிணற்று நல்ல தண்ணீர் கடல்மீனுக்கு என்ன செய்யும்? பாதி மீன் கோடியிலேயே கர்த்தரிடம் போய்ச் சேர்ந்தது. மிச்சப் பாதியைக் கொண்டுபோய்க் கொழுவி, தங்கூசி அசைந்த கணமே இழுத்துத் தொலைத்தார். பொறுப்பானேன், மந்திரம்தான் கரையிலேயே சொல்லியாயிற்றே.

அது அவரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மாமனார் தனக்கு மட்டும் சொன்னது என்று அருளப்பு கள்ளுத் தவறணையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னார். இரண்டு மாதத்துக்குள் கரையில் பாதிப்பேர் பானைக்கு முன்னால் முழந்தாளில் நின்றார்கள். கல்யாணத்துக்குப் பிறகு கோயில் வாசல் மிதிக்காதவர்கள் போத்தலோடு தீர்த்தத்துக்கு வந்தார்கள். ஊரில் பக்தி பெருகிவிட்டது என்று சுவாமி பிரசங்கத்தில் புகழ்ந்தார். நான் முக்காட்டை வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு தரம் சொல்லத்தான் பார்த்தேன். அப்பாவின் கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், சோறு போடும்போது தட்டைப் பார்த்தபடி, மணலையை விட்டுக் கிளக்கனைக் கொழுவிப் பார்த்தால் என்ன என்று கேட்டேன். அதுவரை நான் அவரோடு கதைத்ததில் அதுதான் நீளமான வசனம்.

"பொம்பிளையள் குழம்புக்கு மீன் தெரிஞ்சால் காணும்" என்றார். "இரைக்கு ஆம்பிளை தெரிவான்."

குழம்பு நல்லாயிருக்கு என்றும் சொன்னார். அதையும் எழுதாவிட்டால் பொய்யாகிவிடும்.

வெய்யிலில் வைத்த பெட்டி

அந்த வருடம் நான் ஆறு மாதப் பிள்ளைத்தாச்சி. எங்கள் கரைக்கு மெசின் போட்ட வள்ளங்கள் ஒன்றிரண்டாக வரத் தொடங்கிய காலம். வலையும் வள்ளமும் வைத்திருந்த சம்மாட்டி ஒருவர் புதிதாக ஒன்று இறக்கினார். அதைப் பொறுப்பெடுத்து ஓட்ட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் ஊரில் இருப்பான். மற்றவர்கள் முல்லைத்தீவுப் பக்கம் வாடி, அதாவது கடற்கரைக் கொட்டில், போட்டுத் தொழில் செய்யப் போய்விடுவார்கள். போனால் நாலைந்து மாதம் திரும்பமாட்டார்கள். வாடியில் இருந்த தகப்பனுக்குப் பிள்ளை பிறந்த செய்தி, பிள்ளை தவழத் தொடங்கிய பிறகு போய்ச் சேர்ந்த கதைகள் எங்கள் தெருவில் இருந்தன.

எனக்கு அம்மா இல்லை. கிட்டப் பார்வை இல்லாத அப்பாவோடு தனியாக இருந்து பிள்ளை பெறப் பயமாக இருந்தது. அதோடு அருளப்புவைக் கால்விரலுக்கு மேலே பார்க்க அப்போதுதான் பழகியிருந்தேன்.

அவரோ தவறணையில் வாயைக் கொடுத்தார். பெருநாள் விருந்துக்கு ஆயர் வருகிறார், பறிக்குள் கொள்ளாத எருமைநாக்கு ஒன்று தான் கொண்டு வருவதாக எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். சம்மாட்டி கேட்டுக்கொண்டிருந்தார்.

"கொண்டு வந்தால் வள்ளம் உனக்கு. இல்லாட்டி வாடிக்கு வெளிக்கிடு" என்றார்.

ஆறு நாள் இருந்தது. ஐந்து நாளும் வெறும் பறி. மீன்கள் ஜெபமாலை கேட்டுக் கேட்டே செத்தன. ஐந்தாம் நாள் அருளப்பு வாடிக்குக் கொண்டு போகிற தகரப் பெட்டியைத் தூசி தட்டி முற்றத்து வெய்யிலில் வைத்தார். அந்தப் பெட்டி வாயைத் திறந்துகொண்டு கிடந்ததைப் பார்த்துத்தான் எனக்கும் வாய் திறந்தது.

சத்தியத்தை முறிக்காமல் செய்ய வேண்டும். அப்பாவிடம் போனேன்.

"நாளைக்கு நீங்களும் வள்ளத்திலை போங்கோ அப்பா. இரையை அவர் பாராமல் நீங்களே கொழுவுங்கோ. தங்கூசி அசைஞ்ச உடனை மந்திரத்தைச் சத்தமாச் சொல்லுங்கோ. ஆமென் எண்டு முடியாமல் அவர் இழுக்கமாட்டார்."

அப்பா என்னை, அதாவது நான் நின்ற பக்கத்தை, பார்த்தார். "நீ கதைக்கத் தொடங்கினால் ஊருக்கு ஆபத்தடி பிள்ளை" என்றார்.

மறுநாள் விடிய அப்பா வலை எறிந்தார், நான் எட்டுக் கிளக்கன் தெரிந்து குசினிக்குள் ஒளித்து வைத்தேன். அருளப்பு தன் மணலைகளுக்கு ஜெபமாலை சொல்லிவிட்டுக் காலைப் பூசைக்குப் போனார். அந்த நேரத்தில் அவருடைய பானையை வடித்துப் புதுக் கடல்தண்ணீரும் மணலும் போட்டுக் கிளக்கன்களை விட்டு, சாக்கால் மூடினேன். மணலைகளை வீணாக்கவில்லை, சொதி வைத்தேன்.

வள்ளத்தில் நடந்ததை அப்பா சாகும்வரைக்கும் எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். தங்கூசி அசைந்ததும் அருளப்புவின் கை பாய்ந்திருக்கிறது. அப்பா உரத்த குரலில் மந்திரத்தைத் தொடங்கியிருக்கிறார். மருமகன் திடுக்கிட்டு, ஒரு கையால் தலைத்துண்டைக் கழற்றிக் கும்பிட்டுக்கொண்டு, மற்றக் கையில் நூலோடு பக்தியாக நின்றிருக்கிறார். அப்பா அன்றைக்குக் கோயில் பாட்டுக்காரரைப்போல இழுத்து இழுத்துச் சொன்னாராம். ஆமென்.

மீன் வந்தது. பறிக்குள் தலை போனால் வால் வெளியே, வால் போனால் தலை வெளியே.

மத்தியானம் அருளப்பு சாப்பிட இருந்தார். முகமெல்லாம் வெளிச்சம். சொதியில் கையை வைத்தவர் நிறுத்தினார்.

"இதென்ன மீன்?"

"மணலை."

"எங்கையாலை வந்தது?"

நான் சட்டியை அவர் பக்கம் தள்ளினேன். அவர் சட்டிக்குள் கிடந்த தலைகளைப் பார்த்தார். கோடிப்பக்கத்துப் பானையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் மோடன் இல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு சொதி முழுவதையும் ஊற்றிச் சாப்பிட்டார்.

அடுத்த நாள் விருந்தில் ஆயர் மீனைப் புகழ்ந்தபோது அருளப்பு எழும்பினார். விசுவாசத்தோடு ஜெபித்துக் கொழுவிய இரையை எந்த மீனும் மறுக்காது என்று பேசினார். சுவாமி கண்ணைத் துடைத்தார். சம்மாட்டி வள்ளத்தைக் கொடுத்தார். நான் பின்வாசலில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். ஆயர் மிச்சம் விட்ட நடுமுள் என் கையில் ஏறியது.

என் காலுக்கு வைத்தியம்

பெருநாள் கழிந்த காலை, அருளப்பு வெறும் பானையைக் கொண்டுவந்து குசினி வாசலில் வைத்தார். வைத்துவிட்டுப் போகவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளைத்தாச்சியள் விடியக்காலமை உப்புத்தண்ணிக்கை நிண்டால் காலுக்கு நல்லதாம்" என்றார்.

கேட்டது அவ்வளவுதான். நான் போய் நின்றேன். எட்டுக் கிளக்கனோடு வந்தேன்.

என் மூத்தவள் பிறந்தபோது அவர் ஊரில் இருந்தார். மருத்துவிச்சியைக் கூட்டிவர ஓடியவரும் அவர்தான். அதை நான் மறைக்க மாட்டேன். பிள்ளை பிறந்ததும் உப்புத்தண்ணீர் பால் சுரக்க நல்லது என்றார். பிறகு இடுப்பில் வருகிற நாரிப்பிடிப்புக்கு நல்லது. பிறகு பிரசருக்கு. மாரியில் சளி, தடிமனுக்கும் அதுவே மருந்து. ஒவ்வொன்றையும் கூரையைப் பார்த்துத்தான் சொன்னார். இருபது வருடத்தில் எனக்கு வராத நோய் வருத்தமில்லை, எல்லாவற்றுக்கும் வைத்தியம் ஒன்றுதான். தெருப்பெண்கள் நான் பெரிய வருத்தக்காரி என்று நினைத்துக் கசாயம் அவித்துக் கொண்டுவந்து தந்தார்கள். அதையும் குடித்தேன்.

அப்பா கடைசிவரை கண்ணாடி போடவில்லை. அவரை அடக்கம் செய்த அன்றைக்கு, அவர் இரை தெரிகிற கைப்பக்குவத்தைப் பற்றி மூன்று பேர் பேசினார்கள்.

திரும்பவும் பானை

எண்பதுகள் பிறந்த புதிதில் மூத்தவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா கதிரையில் இருக்கவில்லை. நேரே கோடிப்பக்கம் போனார். அருளப்பு அவருக்குப் பின்னால் போய் நின்று, என் அப்பாவின் சிரிப்பை அப்படியே எடுத்துச் சிரித்தார். இரகசியத்தை மருமகனுக்குத்தான் சொல்லுவன் என்றார்.

மூத்தவள் என் பக்கத்தில், அதே கதவுக்குப் பின்னால், தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். அவளும் ஏற்கெனவே குனிந்துகொண்டுவிட்டாள். வெடிப்பால் பார்த்தேன். பெரியப்பா சாக்கைத் தூக்கிவிட்டுச் சட்டைக் கையை மடித்தார்.

எப்படி வெளியே வந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

"கையை விடாதேங்கோ, பானையை மூடுங்கோ" என்றேன். "பெட்டை உள்ளை நிக்கிறாள், அவளைப் பாருங்கோ. இரை தெரியிறது நான். அப்பாவுக்கும் நான்தான் தெரிஞ்சனான், இவருக்கும் நான்தான். ஆரும் கேட்டால் சொல்லித்தாறன். அது சீதனத்திலை சேராது."

அப்பாவின் கண்ணைப் பற்றி அப்போதும் சொல்லவில்லை. அது அவரோடு போகட்டும் என்று விட்டேன். இப்போது எழுதுகிறேன், அப்பா மன்னிப்பார்.

பெரியப்பா சாக்கை இழுத்து மூடினார். அருளப்பு தன் கால் பெருவிரல்களைப் பார்த்தார். மாப்பிள்ளை மட்டும், எல்லோருக்கும் பின்னால் நின்றவர், மெல்லக் கேட்டார்: "அப்ப மணலை சரிவராதோ மாமி?"

என் சீவியத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆம்பிளை. பெண்ணைக் கொடுத்தோம்.

மருமகன் வீட்டோடு வந்து இருந்தார். நான் கிளக்கனையும் சிரட்டையையும் காட்டிக் கொடுத்தேன். ஒரு கிழமையில் படித்துவிட்டார். அதோடு என் வருத்தங்களும் மாறிவிட்டன, உப்புத்தண்ணீரைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை.

ஒரு மூன்று மாதம் போயிருக்கும். குசினியில் நின்ற எனக்குக் கோடிப்பக்கத்தில் ஏதோ குசுகுசுப்புக் கேட்டது. வெடிப்பால் பார்த்தேன். பானையடியில் அருளப்பு மருமகனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். கையில் சிரட்டை.

"தம்பி, இதை எப்பிடிப் பிடிக்கிறது?"

"மாமியைக் கேளுங்கோ மாமா. அவா உந்தக் கதவுக்குப் பின்னாலைதான் நிக்கிறா."

அருளப்பு எழும்பினார். கதவுப் பக்கம் திரும்பினார். வழக்கம்போல முகத்தை நிமிர்த்திக் கூரையைத் தேடினார்.

கோடிப்பக்கத்தில் கூரை இல்லை.